காடு வயலான பின்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே விரிந்துள்ள படுவான்கரை இன்று நெல்வளத்தாற் பெயர்பெற்றது. அதன் தெற்கே, பட்டிப்பளையாற்றை மறித்து 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காடுகளை வயலாக்கிற்று. முல்லை மருதமாயிற்று எனப் புலவர் மகிழலாம். ஆனால், காட்டை நம்பிய விலங்குகள் ஒதுங்க, நெல்லை நம்பிய எலி பெருகிற்று.

எலிக்காய்ச்சற் கிருமி எலியின் சிறுநீரகத்தில் தங்குவது. எலியைப் பெரிதும் வருத்துவதில்லை. சிறுநீர்வழி வயல்நீரிற் கலந்து, சேற்றில் நிற்பவன் காலிலுள்ள சிறு கீறலூடே உட்புகும். மாடும் எருமையுங்கூட அதனைச் சுமப்பன. எலியை மட்டும் பழித்தல் நீதியன்று. 2008இல் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றோராக ஐயுறப்பட்டனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. கன்னட நாட்டுக் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குகள் மடிந்தன. உண்ணி கடித்த மாந்தரும் காய்ச்சலில் வீழ்ந்தனர். காடழித்து மாடு மேய்த்தமையால் உண்ணி மிகுந்தது என்பர் ஆய்வாளர்.

பெரும்போகத் தொடக்கத்தில் சுகாதாரப் பரிசோதகர் வழங்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாங்கிக் கூரையிற் செருகிவைப்பதாற் பயனில்லை. காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் ஒருங்கே தோன்றின், அது வட்டையில் உழைத்த களைப்பன்று. சிறுநீர் குறையுமுன் வைத்தியசாலையை அடைதல் வேண்டும்.