துருக்கிப் பளிங்கும் சேலத்துக் கருங்கல்லும்: வீட்டுக்குக் கல் தேர்ந்தெடுத்தல்

பளிங்குக்கல் அல்லது சலவைக்கல் என்பது, சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி உண்டாகும் பாறை. அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட் என்னும் கால்சைட் கனிமமே. ஆகவே சுண்ணாம்புக்கு உள்ள குணங்கள் அதற்கும் உண்டு. புளிப்பு பட்டால் அரிக்கும், இரும்பு உரசினால் கீறும். கிரானைட் பூமியின் ஆழத்தில் குழம்பு குளிர்ந்து உண்டான தீப்பாறை. குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் நிறைந்தது. வீட்டில் புழங்கும் புளிப்புகள் அதை ஒன்றும் செய்வதில்லை. பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் இந்த வேறுபாடுதான் கல் வாங்கப் போகிறவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது. கடையில் இதைச் சொல்வோர் குறைவு.

மேட்டூர், சேலம், நாமக்கல் பக்கம் புதுவீடு கட்டுவோர் சிலர் இப்போது கூடத்துக்குத் துருக்கிக் கல் வேண்டும் என்று கேட்கிறார்கள். பதித்த தரையைப் பெயர்த்து மாற்றுவது சுவருக்கு வண்ணம் மாற்றுவது போன்ற வேலையல்ல. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது வாழ்நாளில் ஒரே முறை செய்யும் செலவு.

துருக்கிக் கற்கள்

துருக்கியில் பளிங்கு வெட்டும் தொழில் மிகப் பழையது. மர்மரா கடலில் உள்ள மர்மரா தீவின் வெண்பளிங்கு, 6ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா கட்டடத்துக்குச் சென்றது. அஃபியோன் மாகாணத்தின் இஷ்செஹிசார் சுரங்கங்களிலிருந்து ரோமப் பேரரசர்கள் கல் எடுத்தார்கள். இன்றும் அஃபியோன் வெள்ளை, மூலா வெள்ளை, புர்துர் பெய்ஜ் என்று ஊர்ப்பெயரோடுதான் அவை சந்தைக்கு வருகின்றன. தெனிஸ்லி பகுதியிலிருந்து டிராவர்டைன் வருகிறது. இது வெந்நீர் ஊற்றுகள் படியவிட்ட சுண்ணாம்பு. உடல் முழுக்கச் சிறு துளைகள் இருக்கும்.

பழுப்பு நிறத்தில் 'பெய்ஜ் மார்பிள்' என்று விற்கும் துருக்கிக் கற்களில் பல, பாறையியல்படி பளிங்கே அல்ல. முழுமையாக உருமாறாத, இறுகிய சுண்ணாம்புக்கற்கள். மெருகு ஏற்றினால் பளபளக்கும் என்பதால் வணிகத்தில் அவற்றுக்கும் பளிங்கு என்றே பெயர். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, உலகம் முழுவதும் உள்ள வழக்கம். ஆனால் நம் ஊர்க் கடைகளில் வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாக் கல்லையும் 'இத்தாலியன்' என்று சொல்லும் பழக்கம் உண்டே, அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. எந்த நாடு, எந்தப் பெயர், மாவாக அரைத்துப் பிசின் சேர்த்து வார்த்த செயற்கைக் கல்லா, இயற்கைக் கல்லா என்று கேட்டு, பதிலைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

நம் காலடியில் உள்ள கல்

சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் கிடைப்பது படிகச் சுண்ணாம்புக்கல். உருமாறிய சுண்ணாம்புக்கல் என்ற வகையில் அதுவும் பளிங்கின் பங்காளிதான். ஆனால் அது சிமெண்டு ஆலைக்குப் போகிறது. வீட்டுத் தளத்துக்கு வேண்டியது வெடிப்பில்லாத பெரிய பாளங்கள். சேலம் சுண்ணாம்புக் குன்றுகளில் எடுக்கும் வெள்ளைக்கல்லைப் பார்த்து, இதை ஏன் தரைக்குப் போடுவதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. அது மேக்னசைட், உலைகளுக்கான செங்கல் செய்ய உதவுவது. அங்கே சுண்ணாம்பு இல்லை, குன்றுகளின் பெயர்தான் அப்படி.

இந்த வட்டாரத்தின் உண்மையான கட்டடக் கல் கருங்கல். சேர்வராயன் மலையில் பெருமளவு உள்ள பாறை சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பதித்த பல்லாவரத்துக் கல்லைக் கண்டு, டி. எச். ஹாலந்து என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. நாமக்கல் நகரின் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையில் 8ஆம் நூற்றாண்டில் குடைந்த குடைவரைக் கோயில்களின் சிற்பங்கள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. கல்லின் ஆயுளுக்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வடக்கே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'பாரடைசோ' என்ற ஊதாநிற வரிக்கல் எடுக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம் கருப்பு ஏற்றுமதிச் சந்தையில் பெயர் பெற்றது. கடையில் எல்லாமே 'கிரானைட்' தான். கருப்புக் கிரானைட் என்பது பாறையியல்படி டோலரைட் போன்ற வேறு தீப்பாறை. உறுதியில் குறைவில்லை.

எந்த இடத்துக்கு எந்தக் கல்

நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல்லில்தான் இருந்தன. புளியும் மிளகாயும் அன்றாடம் அரைபட்டும் கல் அரிக்கவில்லை. சமையல் மேடைக்கும் அதே விதிதான். எலுமிச்சை, புளிக்கரைசல், தயிர் மூன்றும் பளிங்கின் மெருகைச் சில நிமிடங்களில் மங்கச் செய்துவிடும். மஞ்சள் கறை உள்ளே இறங்கினால் எளிதில் போகாது. மேடைக்கும் சாப்பாட்டு அறைக்கும் பளிங்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குளியலறைக்கும் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் தரையில் வெள்ளை படியும். அதைப் போக்க நம்மவர் கையில் எடுப்பது ஆசிட் புட்டியை. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பளிங்கில் பட்டால் நுரைத்துக்கொண்டு பொங்கும். கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதே அந்த நுரை. கறையோடு கல்லும் போகும். கூடத்தில் பளிங்கு பதித்தவர்கள், வேலைக்கு வருபவரிடமும் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

வெளிவாசல், படிக்கட்டு, மொட்டைமாடி ஆகியவற்றுக்கு உள்ளூர்க் கல்லே ஏற்றது. அதிலும் மெருகேற்றிய பலகை மழையில் வழுக்கும். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய பலகையைக் கேட்டு வாங்கலாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டில் இது அழகைப் பற்றிய பேச்சே அல்ல. மேட்டூர் வெயிலில் கருப்புக் கல் நடுப்பகலில் காலைச் சுடும் என்பதால் வெளியிடத்துக்கு வெளிர்நிறம் நல்லது. துருக்கிப் பளிங்கு ஆசைப்பட்டதுதான் என்றால் கூடமும் பூசையறையும் படுக்கையறையும் அதற்கு உரிய இடங்கள். பூசையறையிலும் விளக்கெண்ணெய் சிந்தும் இடத்தில் ஒரு கிரானைட் பலகை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வாங்கும் வழி

இறக்குமதிப் பளிங்கில் பெரும்பகுதி பாளமாகக் கப்பலில் வந்து, ராஜஸ்தானின் கிஷன்கர், உதய்ப்பூர் போன்ற இடங்களில் பலகையாக அறுபடுகிறது. 2016 வரை பாளம் இறக்குமதிக்கு உரிமம் வேண்டியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உரிமமுறை நீங்கி, குறைந்தபட்ச விலையும் கூடுதல் சுங்க வரியும் வந்தன. 2025 மே மாதம், இந்திய-பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தானின் பக்கம் நின்றதால், உதய்ப்பூர் வணிகர்கள் துருக்கிக் கல்லை வாங்குவதில்லை என அறிவித்தார்கள். அரசியல் இருக்கட்டும், வீடு கட்டுபவர் கவனிக்க வேண்டியது வரத்து எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பது. பாதியை இப்போது, மீதியை முதல்மாடி முடிந்தபின் என்று வாங்கினால் நிறம் சேராது.

கிரானைட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஓசூரும், எல்லை தாண்டினால் பெங்களூருக்கு அருகே உள்ள ஜிகணியும் கல் அறுக்கும் இடங்கள். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே லாரியில் ஏற்றி வந்தால் வாடகை குறையும்.

நேரில் போகும்போது வெள்ளைத் துணி, தண்ணீர், எலுமிச்சம்பழம், இரும்பு ஸ்கேல் ஆகியவற்றை எடுத்துச் செல்லலாம். சோதனையை விற்கும் பலகையில் செய்யக் கூடாது, துண்டுக்கல் கேட்டு அதில் செய்ய வேண்டும். மெருகேற்றிய பக்கத்தில் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால், கருத்துத் தெரியும் கல் நீர் உறிஞ்சுவது. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கினால் அது சுண்ணாம்புக் குடும்பம், கிரானைட் அல்ல. கருப்புக் கல்லைத் தின்னர் தோய்த்த துணியால் தேய்த்தால், சாயம் ஏற்றியிருந்தால் துணி கருக்கும். ஸ்கேலால் ஓரத்தின் கனத்தை நான்கு பக்கமும் அளக்க வேண்டும். 18 மில்லிமீட்டர் என்று விற்கும் பலகை சில நேரம் 16தான் இருக்கும்.

பலகையின் முதுகையும் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பளிங்கில் வெடிப்புகளைப் பிசினால் நிரப்பி, பின்னால் கண்ணாடி நார் வலை ஒட்டியிருப்பார்கள். இது வழக்கமான செய்முறைதான், குறை என்று கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பிசின் வெயிலில் மஞ்சளிக்கும் என்பதால், அத்தகைய பலகை வெளிப்புறத்துக்கு ஆகாது. ஒரே பாளத்தில் அறுத்த பலகைகளுக்கு வரிசை எண் இட்டிருப்பார்கள். எண் தொடர்ச்சியாக இருந்தால் கோடுகள் ஒன்றோடொன்று இயையும்.

எடையைக் கணக்கிடாமல் பேசி முடிப்போர் பலர். 18 மி.மீ. கனமுள்ள பலகை சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ. 10 அடிக்கு 6 அடிப் பலகை ஒன்று 270 கிலோ. அதைச் சுமந்து திரும்ப மாடிப்படியில் இடமுண்டா, லாரி சந்துக்குள் வருமா என்று முன்பே பார்க்க வேண்டும். 600 சதுர அடிக் கூடத்தை மாடியில் பதித்தால் கல் மட்டும் 2,700 கிலோ. கலவை அதற்கு மேல். பொறியாளரிடம் சொல்லாமல் டைல்ஸுக்குப் பதில் கல் என்று மாற்றக் கூடாது.

பதிக்கும்போது

வெள்ளைப் பளிங்கின் அடியில் சாதாரண சிமெண்டின் சாம்பல் நிறம் மேலே ஊறித் தெரியும். வெள்ளைச் சிமெண்டுப் பாலில்தான் ஒட்ட வேண்டும். கட்டுக்கம்பித் துண்டு ஒன்று அடியில் கிடந்தாலும் துருக்கறை சில மாதங்களில் மேலே வரும். பதிக்கும் முன் பலகைகளைக் கலவையில்லாமல் தரையில் பரப்பி, கோடுகள் பொருந்துகின்றனவா என்று வீட்டார் பார்த்து ஒப்புக்கொண்டபின் வேலை தொடங்கினால் தகராறு வராது. தரை ஈரம் முழுதும் உலராமல் மெருகேற்ற அவசரப்படுத்துவதும் தவறு.

கிரானைட்டை உலர்வாக அறுக்கும்போது எழும் மாவு போன்ற தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் அது நுரையீரலைக் கெடுக்கும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்வதும் முகக்கவசம் வாங்கித் தருவதும் வீட்டுக்காரரின் வேலையும்கூட.

சேதாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம். வேலை முடிந்து மிஞ்சும் முழுப் பலகைகளை விற்றுவிடாமல், இரண்டையாவது சுவரில் செங்குத்தாகச் சாய்த்து வைத்திருக்க வேண்டும். குழாய் பழுதுக்காகத் தரையை உடைக்க நேரும் நாளில், அதே பாளத்துக் கல் எந்தக் கடையிலும் கிடைக்காது.