ரிப்போர்ட் உங்கள் போனில் இருக்கிறது... டாக்டரின் கம்ப்யூட்டருக்குப் புரியுமா?

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு 7 என்று இருக்கிறது. இது அதிகமா, குறைவா?

சென்னையில் கேட்டால், ‘இப்படி ஒரு அளவே வராதே, டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்’ என்பார்கள். சிங்கப்பூரிலோ லண்டனிலோ கேட்டால், ‘சர்க்கரை நோய் எல்லைக்கு வந்துட்டீங்க’ என்பார்கள். நாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று பார்க்கிறோம். அங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று பார்க்கிறார்கள். அவர்களின் 7, நம் கணக்கில் 126.

மனிதர்கள் என்றால் சந்தேகம் வந்து கேட்டுக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் கேட்காது. அலகு என்னவென்று சொல்லாவிட்டால் அதற்கு 7 என்பது வெறும் 7தான். மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்குப் பொதுவான தரநிலைகள் வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுவது இதனால்தான்.

பிடிஎஃப் இருந்தால் போதாதா?

போதாது. வாட்ஸ்அப்பில் வரும் லேப் ரிப்போர்ட்டை நீங்கள் படிக்கலாம், டாக்டரும் படிக்கலாம். ஆனால் சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட ஒரு போட்டோ. ஐந்து வருட ரிப்போர்ட்டுகளிலிருந்து ஹீமோகுளோபின் அளவை மட்டும் எடுத்து வரிசையாகக் காட்டு என்றால் அதனால் நம்பகமாகக் காட்ட முடியாது. ஒரு லேப் ‘எச்பி’ என்று எழுதும், இன்னொன்று ‘எச்ஜிபி’ என்று எழுதும், மூன்றாவது முழுப் பெயரையும் எழுதும்.

இதைவிடப் பெரிய ஆபத்து மருந்துகளில் இருக்கிறது. ஒருவருக்கு பென்சிலின் அலர்ஜி. வேறொரு மருத்துவமனையில் ‘ஆக்மென்டின்’ என்று பிராண்ட் பெயரில் மருந்து எழுதுகிறார்கள். அதில் இருக்கும் அமாக்சிசிலின், பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அலர்ஜி, மருந்து இரண்டும் பொதுவான குறியீட்டில் பதிவாகியிருந்தால் கம்ப்யூட்டர் உடனே எச்சரிக்கும். ஸ்கேன் செய்த பழைய சீட்டில் இருந்தால், யாராவது தேடிப் படித்தால்தான் உண்டு.

தரநிலை என்பது என்ன?

யுபிஐ-யை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கூகுள் பே, கடைக்காரர் போன்பே. ஆனாலும் பணம் போய்ச் சேருகிறது. இரண்டு ஆப்களும் ஒரே விதிப்படி பேசுவதால்தான் இது சாத்தியம். மருத்துவத் தகவலுக்கும் அப்படி விதிகள் உண்டு. அவற்றில் இரண்டு வகை முக்கியமானவை.

முதலாவது, சொற்களுக்கான குறியீடு. நோய்கள், அறிகுறிகள், சிகிச்சைகளுக்கு ‘ஸ்நோமெட் சி.டி.’ இருக்கிறது. இதில் 3.5 லட்சத்துக்கும் அதிகமான மருத்துவக் கருத்துகள் உள்ளன. சர்க்கரை நோய்க்கு 73211009 என்ற எண். டாக்டர் ‘சுகர்’ என்று எழுதினாலும் ‘டயாபடீஸ்’ என்று எழுதினாலும் உள்ளே பதிவாக வேண்டியது இந்த எண்தான். லேப் பரிசோதனைகளுக்கு, அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ‘லாயின்க்’ இருக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவுக்கு அதில் 718-7.

இரண்டாவது, தகவலை அனுப்பும் வடிவம். 1987-ல் தொடங்கப்பட்ட ‘எச்.எல்.7’ அமைப்பு உருவாக்கிய ‘ஃபயர்’ என்ற தரநிலைதான் இன்று பல நாடுகளிலும் பயன்படுகிறது. நோயாளி யார், பரிசோதனை என்ன, அளவு எவ்வளவு, அலகு எது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் வைத்திருக்கிறது ஃபயர். அந்த 7-க்குப் பக்கத்தில் அலகும் சேர்ந்தே போகும்.

இந்தியா எங்கே நிற்கிறது?

மின்னணு மருத்துவப் பதிவேட்டுக்கான தரநிலைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2013-ல் வெளியிட்டு, 2016-ல் திருத்தியது. ஸ்நோமெட் அமைப்பில் இந்தியா 2014-லேயே உறுப்பினராகிவிட்டது. அதனால் இங்குள்ள மருத்துவமனைகளும் சாஃப்ட்வேர் நிறுவனங்களும் அதை இலவசமாகவே பயன்படுத்தலாம்.

2021 செப்டம்பர் 27-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுவதற்கும் வந்தது. 14 இலக்க ‘ஆபா’ எண் அதன் ஒரு பகுதி. உங்கள் ஆவணங்கள் ஒரே சர்வரில் குவிக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனையில் உருவானதோ, அங்கேயே இருக்கும். வேறொரு டாக்டர் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் ஒப்புதல் வேண்டும். தகவல் ஃபயர் வடிவத்தில் போகும்.

அப்புறம் என்ன சிக்கல்?

ஃபயர் வடிவத்துக்குள் ஒரு பிடிஎஃப் கோப்பை அப்படியே வைத்து அனுப்பவும் விதியில் இடம் இருக்கிறது. அதாவது கவர் மட்டும் புதுசு, உள்ளே இருப்பது அதே பழைய போட்டோ. ஆபா எண்ணோடு எத்தனை ஆவணங்கள் இணைந்தன என்ற கணக்கு ஏறலாம். ஆனால் அலர்ஜி எச்சரிக்கை வராது.

இதற்கு டாக்டர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கூட்டம் நிரம்பிய புறநோயாளிகள் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பதே சில நிமிடங்கள். அதில் குறியீடு தேடித் தட்டச்சு செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? டாக்டர் வழக்கம்போல எழுத, பின்னால் சாஃப்ட்வேரே சரியான குறியீட்டைப் பரிந்துரைக்க வேண்டும். லேப் கருவியிலிருந்து முடிவு நேராகப் பதிவேட்டுக்குள் போக வேண்டும். செலவும் உழைப்பும் கேட்கிற வேலை இதுதான்.

பாதுகாப்பும் சேர்ந்தே வர வேண்டும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மீது நடந்த சைபர் தாக்குதலில் சர்வர்கள் முடங்கி, ஊழியர்கள் மறுபடி பேப்பரும் பேனாவும் எடுக்க வேண்டியிருந்தது. தகவல் எளிதாக நகரும்போது, பூட்டும் பலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஆபா எண் கட்டாயமில்லை. அது இல்லை என்பதற்காக சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

• ஒப்புதல் கேட்டு மெசேஜ் வந்தால், யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்தத் தேதி வரை என்று பார்த்துவிட்டு ‘ஓகே’ கொடுங்கள். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும்.

• வெளிநாட்டு ரிப்போர்ட்டைக் காட்டும்போது, எண்ணோடு அலகையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

• அலர்ஜி இருந்தால், மருந்தின் பிராண்ட் பெயரோடு மூலப்பொருளின் பெயரையும் போனில் குறித்து வையுங்கள். கம்ப்யூட்டர்கள் ஒரே மொழி பேசும் நாள் வரும்வரை, அந்தக் குறிப்புதான் உங்களுக்குப் பாதுகாப்பு.