மலைச்சரிவில் மட்டம் பார்ப்பது: நீள ரசமட்டம் பற்றிச் சில குறிப்புகள்

கடையில் ரசமட்டம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சோதனைதான் செய்கிறார்கள். கடைக்காரர் மேஜைமேல் வைத்துப் பார்ப்பார்கள், குமிழி நடுவில் நின்றால் காசைக் கொடுத்துவிடுவார்கள். அந்த மேஜை மட்டமாக இருக்கா என்று யாரும் கேட்பதில்லை. மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருந்து, ரசமட்டம் அதே அளவு எதிர்ப்பக்கம் தப்பாகக் காட்டினால், குமிழி நடுவில்தான் நிற்கும். ஆக, இது சோதனையே இல்லை.

சமவெளியில் இந்த அலட்சியம் கொஞ்சம் செல்லும். கொல்லிமலையில் செல்லாது. காரணம் கருவியில் இல்லை, நம்ம கண்ணில் இருக்கிறது. சமவெளியில் கட்டிடம் கட்டும்போது தூரத்து அடிவானம், பக்கத்து வீட்டு மொட்டைமாடி, தரை எல்லாம் சேர்ந்து எது மட்டம் என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சுவர் தப்பினால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேட்டுக்குப் போய் ஒரு சரிவில் நின்று பாருங்கள். எதிரே இன்னொரு சரிவு, பக்கத்தில் ஒரு மேடு, மேலே மூடுபனி. எங்கேயும் ஒரு படுக்கைக் கோடு கிடையாது. கண் சரிவையே மட்டமாக எடுத்துக்கொண்டு, உண்மையான மட்டத்தைச் சாய்வு என்கிறது. லடாக்கில் லே பக்கம் 'காந்த மலை' என்று ஒரு இடத்தைச் சுற்றுலாவாகக் காட்டுகிறார்களே, வண்டி தானாக மேட்டில் ஏறுவது போலத் தெரியும் சாலை, அங்கே நடப்பதும் இதுதான். காந்தமும் இல்லை ஒண்ணும் இல்லை. அடிவானம் மறைந்ததால் இறக்கம் ஏற்றமாகத் தெரிகிறது.

மலைக்காரர்களுக்கு இது புது விஷயம் இல்லை. பள்ளத்தாக்குகளில் படிப்படியாக நெல்வயல் வெட்டுகிறவர்கள் கண்ணை நம்புவதில்லை, தண்ணீரைக் கட்டிப் பார்க்கிறார்கள். வயலில் எந்த மூலையில் தண்ணி ஏறாமல் நிற்கிறதோ அது மேடு. ரசமட்டமும் இதே வேலையைத்தான் ஒரு விரல் அளவு குழாய்க்குள் செய்கிறது.

இங்கே தவறினால் என்ன ஆகும்? கிராமப்புறங்களில் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி, அரசு தருவது மூன்றரை லட்சம் ரூபாய். மிச்சத்தைக் கடன் வாங்கியோ, மிளகு காசிலோ போடுகிறார்கள். அந்த அளவுக்கு ஒரு வீட்டைச் சரிவில் கட்டினால், மேல்பக்கம் தரையோடு இருக்கும் அஸ்திவாரம் பள்ளத்துப் பக்கம் இடுப்பளவு எழும்பி நிற்கும். அதன்மேல் போடும் பெல்ட் கான்கிரீட் மட்டம் தப்பினால், மேலே வருகிற ஒவ்வொரு வரிசையிலும் கலவையைத் தடிமனாக்கி ஈடுகட்டணும். 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கலவை ஒரு முனையில் 20, 25 என்று போகும். அதோடு, வாசல் திண்ணைக்குக் கொடுத்த வாட்டம் உள்பக்கம் திரும்பிவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தண்ணி வீட்டுக்குள்தான் வரும். இடித்துக் கட்ட இரண்டாவது மூன்றரை லட்சம் யாரும் தரப்போவதில்லை.

சரி, கருவிக்கு வருவோம். ரசமட்டத்தில் ரசம் என்றதும் பாதரசம் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாயம் கலந்த ஆல்கஹால். தண்ணீரைவிட வேகமாக நகரும், குளிரில் உறையாது. 1660-களில் பிரான்ஸின் மெல்கிசெதெக் தெவெனோ இப்படியொரு குமிழிக் குழாயை வடிவமைத்தார். குழாய் நேராக இருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே மேல்பக்கம் லேசான வளைவு உண்டு. குமிழி அந்த வளைவின் உச்சியைத் தேடிப் போகும். அந்த உச்சி பட்டையின் விளிம்போடு சரியாகப் பொருந்தியிருக்கா என்பதுதான் முழுக் கேள்வியும்.

நீளம் ஏன் முக்கியம்? ஓரடி ரசமட்டத்தைச் சுவர்மேல் வைக்கும்போது ஒரு முனைக்குக் கீழே 1 மில்லிமீட்டர் கலவைப் பொருக்கு இருந்தால், அது மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கும் மேல் சாய்வாகக் காட்டும். ஆறடியில் (1.8 மீட்டர்) அதே பொருக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் காட்டும். சின்ன மட்டம் செங்கல்லைப் பார்க்கிறது, நீள மட்டம் சுவரைப் பார்க்கிறது. நம்ம கொத்தனார்கள் முழக்கோலை வைத்து அதன்மேல் சின்ன ரசமட்டத்தை வைப்பது இதற்காகத்தான். முறை நல்ல முறை. ஆனால் முழக்கோல் வளைவு, ரசமட்டத்தின் தவறு, இரண்டுக்கும் நடுவில் சிக்கும் மணல் என்று மூன்று தவறுகள் ஒன்றாகச் சேரும்.

வீட்டு வேலைக்கு ஆறடி போதும் என்பது என் கருத்து. ஏழடி நிலைக்குள் நிமிர்த்தி வைக்க முடிகிறது, ஒரே ஆள் பிடித்துக்கொள்ளலாம். எட்டடி மட்டம் தளத்துக்கு நல்லதுதான், ஆனால் 70 வளைவில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனி வேலை. கூடவே இரண்டடி ஒன்று இருந்தால் ஜன்னலுக்கு ஆகும். குறுக்குவெட்டில் பெட்டி போல மூடிய அலுமினியமாகப் பாருங்கள். 'ஐ' வடிவப் பட்டை விலை குறைவு, ஆனால் முறுக்கினால் முறுங்கும். அட்டையில் துல்லியம் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் படியுங்கள். ஸ்டபிலா போன்ற ஜெர்மன் கம்பெனிகள் மீட்டருக்கு 0.5 மில்லிமீட்டர் என்று போடுகின்றன. மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் என்று போட்ட விலை குறைந்த மட்டங்களும் உண்டு. எதுவுமே போடாத மட்டத்தை நான் வாங்க மாட்டேன். அதே சமயம், 0.5 என்று அச்சிட்டதாலேயே அது 0.5 ஆகிவிடாது. ஒருமுறை கீழே விழுந்த பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

அதனால்தான் திருப்பிப் பார்க்கும் சோதனை. இதற்கு மட்டமான தரை தேவையில்லை என்பதுதான் இதன் அழகு. பெல்ட் மேலேயோ ஒரு பலகை மேலேயோ ரசமட்டத்தை வையுங்கள். இரண்டு முனையும் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரு முனைக்குக் கீழே தகடோ காகிதமோ சொருகி, குமிழியைச் சரியாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சொருகினதை அசைக்காமல் மட்டத்தைத் தூக்கி, இடது முனை வலப்பக்கம் வரும்படி திருப்பி, அதே குறிகளில், அதே விளிம்பு கீழே இருக்கும்படி வையுங்கள். குமிழி மறுபடி நடுவில் நின்றால் மட்டம் சுத்தம். விலகினால், அந்த விலகல் உண்மையான தவறைப் போல இரண்டு மடங்கு. முதல் தடவை ஒரு பக்கம் ஏமாற்றியது, திருப்பினதும் எதிர்ப்பக்கம் அதே அளவு ஏமாற்றுகிறது, இரண்டும் கூடித் தெரிகிறது.

எவ்வளவு தவறு என்று அளக்க சைட்டில் கிடைக்கும் ஆக்ஸா பிளேடே போதும். வழக்கமான கைப்பிளேடு 0.63 மில்லிமீட்டர் தடிமன். பல் இல்லாத முதுகுப் பக்கத்தை இறங்கின முனைக்குக் கீழே, பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சொருகி, எத்தனை பிளேடில் குமிழி நடுவுக்கு வருகிறது என்று எண்ணுங்கள். மீட்டருக்கு 0.5 என்று போட்ட ஆறடி மட்டத்தின் முழு நீளத்துக்கு அனுமதி 0.9. திருப்பும்போது அது 1.8 மில்லிமீட்டராகத் தெரியும், ஏறக்குறைய மூன்று பிளேடு. மூன்றைத் தாண்டினால் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. ஒரு மேஸ்திரியிடம் இதைச் செய்து காட்டியபோது, "ஒரு நூலு முன்னப்பின்ன இருந்தா பூச்சுல சரிக்கட்டிக்கலாமுங்க" என்றார். சுவரில் சரிக்கட்டலாம், உண்மைதான். தண்ணி ஓடவேண்டிய தரையில் அந்த ஒரு நூல்தான் வாட்டமே. மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் வாட்டம் விடுகிற இடத்தில் மூன்றை மட்டமே தின்றுவிட்டால் மிஞ்சுவது ஏழு.

நிமிர்த்திப் பார்க்கும் குழாய்க்குத் தனிச் சோதனை வேண்டும். படுக்கைக் குழாய் சரியாக இருப்பதால் இதுவும் சரி என்று அர்த்தமில்லை. சுவரில் மட்டத்தைச் செங்குத்தாகச் சாய்த்து, குமிழி நடுவில் நிற்கும்போது ஒரு விளிம்பை ஒட்டிக் கோடு போடுங்கள். மேல்முனை மேலேயே இருக்க, கதவைத் திருப்புவது போல மட்டத்தைத் திருப்பி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபக்கத்தில் ஒட்டி வையுங்கள். குமிழி மறுபடியும் நடுவுக்கு வரணும். தூக்குக்குண்டு கையில் இருந்தால் அதோடும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் மலைக்காற்றில் குண்டு நிற்பதற்குள் பொறுமை போய்விடும். வாளித் தண்ணீருக்குள் குண்டைத் தொங்கவிட்டால் ஆட்டம் அடங்கும்.

நீள மட்டத்துக்கு மட்டுமே உரிய வியாதி வளைவு. பிளைவுட் மேல் விளிம்பை வைத்துக் கூர்மையான பென்சிலால் நீளத்துக்கும் கோடு இழுங்கள். பிறகு மட்டத்தை முனை மாற்றி, அதே விளிம்பைக் கோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு ஓரப்புள்ளிகளிலும் சேர்த்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றாக விழுந்தால் விளிம்பு நேர். நடுவில் இடைவெளி தெரிந்தால் அதில் பாதி வளைவு. இப்போது வரும் மட்டங்களில் குழாயை உள்ளே வார்த்து ஒட்டிவிடுகிறார்கள், திருகிச் சரிசெய்ய வழியில்லை. குழாய் தப்பி விளிம்பு நேராக இருந்தால் முழக்கோலாக வைத்துக்கொள்ளலாம். விளிம்பும் வளைந்துவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

மார்கழி காலையில் குமிழி நீண்டு இரண்டு கோட்டையும் தாண்டி நிற்கும். பழுது ஒன்றுமில்லை. குளிரில் திரவம் சுருங்குகிறது, குமிழி பெரிதாகிறது. மதியம் திரும்பச் சிறுத்துவிடும். கோட்டுக்குள் இருக்கா என்று பார்க்காமல், குமிழியின் இரு முனையும் கோடுகளிலிருந்து சம தூரத்தில் இருக்கா என்று பாருங்கள்.

ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மட்டம் கடத்த ரசமட்டம் சரியான கருவி இல்லை, டியூப் லெவல்தான். ஒரு எச்சரிக்கை: டியூபின் ஒரு முனைப் பகுதி வெயிலிலும் மறுமுனை நிழலிலும் இருக்கக் கூடாது. 20 டிகிரித் தண்ணீருக்கும் 40 டிகிரித் தண்ணீருக்கும் அடர்த்தி வித்தியாசத்தால், நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் மட்டம் 6 மில்லிமீட்டர் மாறும். பள்ளத்துப் பக்க மூங்கிலில் நெஞ்சளவு டியூப் நிமிர்ந்து நிற்கும் சரிவில் இது சின்ன விஷயமில்லை. காலையில் பார்த்துவிடுங்கள்.

டியூப் இல்லாமல் ரசமட்டத்தையே முளைக்கு முளை நகர்த்தித்தான் போகணும் என்றால், ஒவ்வொரு எட்டுக்கும் முனையை மாற்றி மாற்றி வையுங்கள். மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் தவறும் ஆறடி மட்டத்தை ஒரே வாக்கில் நான்கு தடவை நகர்த்தினால், 7.2 மீட்டரில் 7 மில்லிமீட்டர், அதாவது இரண்டு நூலுக்கு மேல் போய்விடும். மாற்றி வைத்தால் ஒரு தவறை அடுத்தது அடித்துவிடும். எட்டுகள் இரட்டைப்படையில் இருக்கணும், அவ்வளவுதான். 1858 முதல் 1909 வரை ஒன்பது துறைமுகங்களின் கடல்மட்டத்தை (சென்னையும் நாகப்பட்டினமும் அதில் உண்டு) அடிப்படையாக வைத்து இந்தியாவின் முதல் உயர மட்ட வலையை அமைத்த சர்வே துறையின் கையிலிருந்த தந்திரமும் இதற்குச் சொந்தம்தான். அளவுகோல்கள் இரண்டுக்கும் சம தூரத்தில் கருவியை நிறுத்தி, கருவியின் தவறை அதைக்கொண்டே கழிப்பது.

கடைசியாக, மட்டத்தை மலைக்கு ஏற்றும்போது பஸ்ஸில் மூட்டைகளுக்கு அடியில் போடாதீர்கள். நாலு இஞ்ச் பிவிசி பைப்பில் நுழைத்து இரண்டு பக்கமும் மூடி, துணி அடைத்துக் கொண்டுபோகலாம். மேலே போய் இறங்கினதும், வேலையைத் தொடங்குமுன் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.