ஜன்னல் பொருத்தியவர் கோல் மன்னன் ஆனார்

1997-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. இத்தாலி நாட்டின் மிலான் நகரில் சான் சீரோ மைதானம் நிரம்பி வழிந்தது. பிரேசில் வீரர் ரொனால்டோ, இன்டர் மிலான் அணிக்காக லீக் போட்டியில் முதன் முதலாக ஆட இறங்கிய நாள் அது. ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பில் இருந்து அவரை அழைத்து வர, அதுவரை உலகில் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்கப்படாத தொகையை இன்டர் கொடுத்து இருந்தது. கேமராக்கள் எல்லாம் அவர் பக்கமே திரும்பி இருந்தன.

எதிரே நின்றது பிரெஷியா அணி. இரண்டாம் டிவிஷனில் ஆடி, அந்த ஆண்டுதான் மேலே ஏறி வந்த அணி. வெகுநேரம் யாரும் கோல் போடவில்லை. 73-வது நிமிடத்தில் பிரெஷியாவின் 18 வயதுப் பையன் ஒருவன் பந்தைத் தூக்கி முன்னால் போட்டான். நெட்டையான ஓர் ஆட்டக்காரர் அதை வாங்கி, திரும்பி, இடது காலால் உதைத்தார். இன்டர் கோல் கீப்பர் பால்யூக்காவைத் தாண்டிப் பந்து வலைக்குள் போய் விழுந்தது. சான் சீரோ வாயடைத்துப் போயிற்று.

பந்தைக் கொடுத்த பையன் ஆந்த்ரேயா பிர்லோ. 2006-ல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது நடுக்களத்தை ஆண்டவர் அவர்தான். கோல் போட்டவர் தாரியோ ஹ்யூப்னர். அவருக்கும் அதுதான் முதல் டிவிஷனில் முதல் ஆட்டம். ரொனால்டோவுக்கு அப்போது வயது 20. ஹ்யூப்னருக்கு 30!

அன்றைய ஆட்டத்தை பிரெஷியா ஜெயிக்கவில்லை. மாற்று ஆளாக இறங்கிய உருகுவே நாட்டு ரெகோபா, கடைசிப் பத்து நிமிடத்தில் தொலைவில் இருந்தே இரண்டு கோல் அடித்து, 2-1 என்று இன்டருக்கு வெற்றி தேடிக் கொடுத்தார். மறுநாள் பேச்செல்லாம் ரொனால்டோவையும் ரெகோபாவையும் பற்றியே. ஹ்யூப்னரைப் பற்றி விசாரித்தவர்கள் குறைவு. விசாரித்து இருந்தால் விசித்திரமான கதை ஒன்று கிடைத்து இருக்கும்.

பட்டறையில் இருந்து மைதானத்துக்கு

ஹ்யூப்னர் பிறந்தது 1967-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, முஜ்ஜா என்ற சிற்றூரில். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், திரியெஸ்தே துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். அந்தக் காலத்தில் ஊரைத் தாண்டினால் யூகோஸ்லாவியா எல்லை. தாத்தா ஜெர்மனியில் இருந்து வந்தவர். அதனால்தான் இத்தாலியருக்கு வாயில் நுழையாத அந்தப் பெயர்.

பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. சிறு வயதிலேயே வேலைக்குப் போனார். கதவு, ஜன்னல்களுக்கு அலுமினியச் சட்டம் செய்து பொருத்துகிற வேலை. பகலெல்லாம் வேலை. வேலை முடிந்தால் உள்ளூர் முஜ்ஜசானா அணியில் பந்தாட்டம். இத்தாலியில் பெரிய கிளப்புகள் பத்து வயதுப் பையன்களையே பொறுக்கி எடுத்து, தங்கள் பள்ளியில் வைத்துப் பழக்குகின்றன. 16 வயதில் ஒருவன் கண்ணில் படவில்லை என்றால் அவன் கதை முடிந்தது என்றே பொருள். ஹ்யூப்னர் யார் கண்ணிலும் படவில்லை.

1987-ல், 20-வது வயதில், பியவிஜீனா என்ற சிறிய கிளப் அவரை எடுத்துக் கொண்டது. அதுவும் சம்பள ஆட்டக்காரர்களின் லீக் அல்ல. அதற்கும் கீழே உள்ளது. ஓர் ஆண்டு அங்கே. பிறகு கிரேமா நகரின் பெர்கோகிரேமா. பிறகு கடற்கரை ஊரான ஃபானோ.

இங்கே இத்தாலியக் கால்பந்தின் படிக்கட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே இருப்பது சீரி ஆ. அதுதான் முதல் வகுப்பு. அடுத்து சீரி பி. அதற்குக் கீழே மூன்றாம் வகுப்பான சீரி சி. அந்த நாளில் அதையும் சி-1, சி-2 என்று இரண்டாகப் பிரித்து வைத்து இருந்தார்கள். நம் ரெயில்களில் மூன்றாம் வகுப்பை 1974-ல் எடுத்து விட்டார்கள். பெயர்தான் போயிற்று, நெரிசல் போகவில்லை என்பது வேறு விஷயம். இத்தாலியிலோ அந்த மூன்றாம் வகுப்பில் சிறிய ஊர்கள் நிறைய முட்டி மோதுகின்றன. ஆண்டு முடிவில் முன்னால் வருகிற அணி மேலே ஏறும். பின்தங்கிய அணி கீழே இறங்கும். இறங்கினால் டெலிவிஷன் பணம் குறையும். நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டி வரும். ஊரே துக்கம் கொண்டாடும்.

ஹ்யூப்னர் ஏறியது சி-2-ல் இருந்து. ஃபானோவில் மூன்று ஆண்டுகள் ஆடினார். 1991-92 சீசனில் சி-1 பிரிவில் அதிக கோல் போட்டவர் அவர்தான். அதைப் பார்த்து, இரண்டாம் வகுப்பில் ஆடிய செசேனா கிளப் அவரை வாங்கியது.

ஐந்து ஆண்டு காத்திருப்பு

செசேனாவில் 1992 முதல் 1997 வரை ஐந்து சீசன். இந்த ஐந்து ஆண்டுகள்தான் ஹ்யூப்னர் கதையில் மனதை உறுத்துகிற பகுதி. 1994-ல் ஒரு வாய்ப்பு வந்தது. முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கு ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. கிரெமோனா நகரில் படோவா அணியுடன் மோதல். செசேனா 2-1 என்று தோற்றது. ஹ்யூப்னருக்கு அப்போது வயது 27.

அவர் மனம் தளர்ந்ததாகத் தெரியவில்லை. 1995-96-ல் 22 கோல் அடித்து, சீரி பி-யின் கோல் மன்னன் ஆனார். இரண்டாம் வகுப்பிலும் முதல் இடம்! அப்படி இருந்தும் முதல் டிவிஷன் கிளப் எதுவும் கதவைத் தட்டவில்லை. வயது ஆகி விட்டது என்பார்கள். ஓட்டத்தில் நளினம் இல்லை என்பார்கள். நளினம் இல்லை என்பது உண்மைதான். பந்தை வைத்து வித்தை காட்டுகிறவர் அல்ல அவர். தலையைக் குனிந்து கொண்டு நேரே பாய்வார். அதனால் ரசிகர்கள் 'டாடாங்கா' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் மொழியில் காட்டெருமை என்று அர்த்தம்.

அடுத்த ஆண்டே செசேனா மூன்றாம் வகுப்புக்கு இறங்கியது. மறுபுறம், சீரி பி-யில் முதல் இடம் பிடித்து மேலே ஏறிய பிரெஷியாவுக்கு ஒரு முன்னணி ஆட்டக்காரர் தேவைப்பட்டார். அப்படித்தான் 30-வது வயதில் ஹ்யூப்னர் சான் சீரோவில் வந்து நின்றார்.

அந்த சீசனில் அவர் போட்ட கோல் 16. முதல் டிவிஷனைப் பார்த்தே இராதவருக்கு இது பெரிய எண்ணிக்கை. ஆனால் பிரெஷியா இறங்கி விட்டது. அவரும் கூடவே இறங்கினார். வேறு கிளப்புக்குத் தாவாமல் இரண்டு ஆண்டு சீரி பி-யில் ஆடி, 2000-ல் அணியோடு மறுபடி மேலே வந்தார்.

பாஜ்ஜோவுடன் ஒரு வருஷம்

2000-ம் ஆண்டு பிரெஷியாவுக்கு எதிர்பாராத விருந்தாளி வந்து சேர்ந்தார். ராபர்ட்டோ பாஜ்ஜோ! 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியை மேலே உதைத்து விட்டு, தலை குனிந்து நின்றாரே, அவரேதான். 33 வயதில், முழங்கால் காயங்களோடு வந்தார். அணியின் பயிற்சியாளர் கார்லோ மாத்சோனே, அனுபவஸ்தர். பாஜ்ஜோ பந்தை எடுத்துக் கொடுக்க, ஹ்யூப்னர் அடிக்க, ஜோடி பிரமாதமாக அமைந்தது. ஹ்யூப்னர் 17 கோல், பாஜ்ஜோ 10 கோல். இறங்காமல் தப்பினால் போதும் என்று தொடங்கிய அணி எட்டாவது இடத்துக்கு வந்தது.

அதற்குப் பரிசு என்ன? மாற்றல் உத்தரவு! 34 வயதுக்காரரை வைத்துக் கொள்ள பிரெஷியா விரும்பவில்லை. 24 வயது லூக்கா தோனியை வாங்கிக் கொண்டு, ஹ்யூப்னரை பியாசென்சாவுக்கு அனுப்பியது. கிளப்புகளின் கணக்கில் இது நியாயம்தான். தோனியும் பின்னாளில் உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். ஆனால் பிரெஷியாவின் அவசரத்துக்கு அடுத்த ஒன்பது மாதத்தில் பதில் கிடைத்தது.

24 கோல்

பியாசென்சா, போ நதிக்கரையில் உள்ள அடக்கமான நகரம். 1990-களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் முதல் டிவிஷனில் ஆடிக் காட்டிய கிளப். அதுவும் 2001-ல்தான் மறுபடி மேலே ஏறி வந்து இருந்தது. அங்கே ஹ்யூப்னர் கோல் மழை பொழிந்தார். இன்டரின் வியெரி அந்த ஆண்டு 22 கோல் போட்டார். யுவென்டசுக்காக பிரான்ஸ் வீரர் டேவிட் திரேசகே. 2000 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தாலியையே வீழ்த்திய கோல் அவருடையது. இந்தப் பட்டியலில் அந்தக் கதவு, ஜன்னல்காரரும் சேர்ந்து கொண்டார்.

2002-ம் ஆண்டு மே 5-ந் தேதி, சீசனின் கடைசி நாள். பியாசென்சாவும் வெரோனாவும் நேருக்கு நேர். இரண்டு அணிக்கும் தலா 39 புள்ளி. தோற்ற அணி இறங்க நேரலாம் என்ற நிலை. ஊர் மானம் போகிற ஆட்டம். பியாசென்சா 3-0 என்று வென்றது. அதில் இரண்டு கோல் ஹ்யூப்னருடையது. வெரோனா இரண்டாம் வகுப்புக்கு இறங்கியது. அதே நாளில் உதீனே நகரில் யுவென்டசும் ஜெயித்து சாம்பியன் ஆனது. அங்கே திரேசகேயும் ஒரு கோல் போட்டு இருந்தார். கணக்குப் பார்த்தால் இருவருக்கும் தலா 24. கோல் மன்னன் பட்டத்தை இருவரும் பங்கு போட்டுக் கொண்டார்கள்.

ஹ்யூப்னருக்கு 35 வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகி இருந்தது. அதற்கு முன் அந்த வயதில் யாரும் அந்தப் பட்டத்தை வாங்கியது இல்லை. 2015-ல்தான் அந்தச் சாதனை முறிந்தது. முறித்தவர், பிரெஷியா அவருக்குப் பதிலாக வாங்கிய அதே லூக்கா தோனி! 38 வயதில் 22 கோல். ஆடியது எந்த அணிக்கு என்று நினைக்கிறீர்கள்? வெரோனாவுக்கு!

மூன்று வகுப்பிலும் கோல் மன்னனாக இருந்தவர்கள் என்று இத்தாலியில் எடுத்துச் சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒருவர் ஹ்யூப்னர். இன்னொருவர் இகோர் புரோத்தி. அவரும் 1967-ல் பிறந்தவர்தான். அவர் கதை தலைகீழ். 1995-96-ல், ஹ்யூப்னர் சீரி பி-யில் முதலிடம் பெற்ற அதே ஆண்டு, புரோத்தி பாரி அணிக்காக 24 கோல் அடித்து முதல் டிவிஷன் பட்டத்தைப் பங்கிட்டுக் கொண்டார். அவ்வளவு கோல் போட்டும் பாரி இறங்கிப் போயிற்று. பிறகு மூன்றாம் வகுப்பில் இருந்த லிவோர்னோவுக்குப் போய், அங்கே பட்டம் வாங்கி, அணியை மேலே ஏற்றி, 2002-03-ல் இரண்டாம் வகுப்பிலும் பட்டம் வாங்கினார்.

வராத அழைப்பு

2002 கோடையில் உலகக் கோப்பை. நாட்டிலேயே அதிக கோல் போட்ட இத்தாலியரை தேசிய அணிப் பயிற்சியாளர் திராபத்தோனி அழைக்கவில்லை. வியெரி, இன்சாகி, டெல் பியேரோ, டோட்டி, மொன்டெல்லா, டெல்வெக்கியோ என்று ஆட்கள் இருந்தார்கள். யாரும் சோடை இல்லை. ஆனாலும் இத்தாலி, தென் கொரியாவிடம் 2-1 என்று தோற்றுத் திரும்பியபோது, 'டாடாங்கா இருந்து இருந்தால்...' என்று காபிக் கடைகளில் பேசாமலா இருந்து இருப்பார்கள்? முன்பும் பின்பும் தேசிய அணியில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியது இல்லை.

அதே சமயம் ஏ.சி. மிலான் கிளப் அவரை சோதனைக்காகத் தன் அமெரிக்கப் பயணத்தில் அழைத்துச் சென்றது. பயணம் முடிந்ததும் திருப்பி அனுப்பி விட்டது. சிகரெட்தான் காரணம் என்று சொல்வாரும் உண்டு. அவர் புகை பிடிப்பதை ஒரு நாளும் மறைத்தது இல்லை. பத்திரிகைகளுக்கு அது ஒரு வேடிக்கை. அவர் போட்ட கோலை விட அவர் பிடித்த சிகரெட்டைப் பற்றி எழுதியதே அதிகம். பெரிய கிளப்பில் ஒழுங்கு பார்ப்பார்கள், சரிதான். ஆனால் 35 வயதில் முதல் டிவிஷன் தடுப்பு ஆட்டக்காரர்களை ஓடி முந்தியவரை உடம்பு சரியில்லாதவர் என்று சொல்ல முடியாது.

அடுத்த ஆண்டு பியாசென்சாவுக்காக 14 கோல் போட்டார். அணி இறங்கியது. பிறகு அன்கோனா. அந்த அணி சீசன் முழுவதும் இரண்டே ஆட்டம் ஜெயித்தது. ஹ்யூப்னர் அங்கே ஒரு கோலும் போடவில்லை. பாதியிலேயே பெருஜ்ஜியாவுக்குப் போனார். அங்கே மூன்று கோல். அதுவும் இறங்கியது. முதல் டிவிஷனில் மொத்தம் ஐந்து சீசன், 74 கோல் என்று 2004-ல் கணக்கு முடிந்தது.

அவர் பூட்சைக் கழற்றவில்லை. மான்டோவாவுக்காக மூன்றாம் வகுப்பில் ஆடினார். அங்கிருந்து மேலும் கீழே. 20 வயதில் தொடங்கிய சம்பளமில்லா ஆட்டக்காரர்களின் லீக்கிலேயே, சிற்றூர் அணிகளுக்காக, 40 வயது தாண்டியும் ஆடிக் கொண்டு இருந்தார். வேலிக்கு வெளியே நூறு, இருநூறு பேர் நின்று பார்க்கிற மைதானங்கள். அங்கேயும் கோல் போட்டார்.