எண்களைப் படிக்கும் சுதந்திரம்

ஒரு தேசம் அரசியல் சுதந்திரம் அடைந்த மாத்திரத்தில் அதன் ஜனங்கள் எல்லா விஷயங்களிலும் சுதந்திரர்களாகி விடுவதில்லை. தாம் செய்யும் பொருளின் தரத்தையும், தாம் சுவாசிக்கும் காற்றின் நிலையையும் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்று இருக்கும் வரையில், ஒரு முக்கியமான விஷயத்தில் அவர்கள் பராதீனர்களாகவே இருக்கிறார்கள். இக்காலத்தில் தீர்ப்புகள் யாவும் எண்களைக் கொண்டே சொல்லப்படுகின்றன. எண்களைப் படிக்கத் தெரிந்தவன் பேசுகிறான். தெரியாதவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இந்த நிலைமையை மாற்றுவதற்கு வேண்டிய கருவி உலகத்தின் பொதுச் சொத்தாக ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கிறது. அதை எடுத்து உபயோகிக்க நாம் முன்வருவோமா என்பதே கேள்வி. திருவள்ளூர் ஜில்லாவை, அதிலும் விசேஷமாகக் கும்மிடிப்பூண்டியை, உதாரணமாகக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குச் சற்று இப்பால் இருப்பது கும்மிடிப்பூண்டி. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் கடல். 1971-ல் ஏற்பட்ட 'சிப்காட்' ஸ்தாபனத்தின் தொழில் வளாகம் இங்கே இருக்கிறது. பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள், வார்ப்படப் பட்டறைகள், மோட்டார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகள் ஆகியவை நெருங்கி நிற்கின்றன. தென்மேற்கே, திருவள்ளூர் நகரை அடுத்த காக்களூரில் சிறு தொழில்களுக்கென்று ஒரு பேட்டை உண்டு. இந்த இடங்களில் இரும்பும் யந்திரங்களும் மட்டும் உற்பத்தியாவதில்லை. நாள்தோறும் எண்களும் உற்பத்தியாகின்றன. அவற்றில் ஒரு வகை பட்டறைக்குள்ளே எழுதப்படுவது. மற்றொரு வகை வெளியே காற்றில் அளக்கப்படுவது. இரண்டும் பெரும்பாலும் படிப்பாரின்றிக் கிடக்கின்றன.

பட்டறையின் கணக்கு

முதலில் பட்டறையைப் பார்ப்போம். பெரிய மோட்டார் கம்பெனிக்கு உருளைத் தண்டு கடைந்து கொடுக்கும் சிறு முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தண்டின் குறுக்களவு 20 மில்லிமீட்டர், 0.05 மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஒப்புக்கொள்வார்கள். மணிக்கு ஐந்து தண்டுகளை எடுத்து அளந்து, தொழிலாளி காகிதத்தில் எழுதி வைக்கிறார். மாதக் கடைசியில் வாங்கும் கம்பெனி, "உங்கள் யந்திரத்தின் திறன் எண் என்ன?" என்று கேட்கிறது. அனுமதிக்கப்பட்ட அகலமாகிய 0.10 மில்லிமீட்டரை, யந்திரத்தில் இயல்பாகவே உண்டாகும் சிதறலின் அகலத்தால் வகுத்துக் கிடைப்பது அந்த எண். சிதறல் 0.075 ஆனால் விடை 1.33. வழக்கமாக வாங்குவோர் கேட்கும் குறைந்தபட்ச அளவும் இதுவே. அதற்குக் கீழே போனால் ஆர்டர் கைவிட்டுப் போகலாம். ஆகவே ஒரு குடும்பத்தின் ஜீவனம், பல தொழிலாளிகளின் கூலி, எல்லாம் அந்த ஒரு வகுத்தல் கணக்கில் தொங்குகின்றன. கணக்கைப் போடுகிறவர் யார் என்பது அற்ப விஷயமன்று.

இதைவிடப் பிரயோஜனமான கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு மணி எடுத்த அளவுகளின் சராசரியைப் புள்ளிகளாகக் குறித்து, நடுவில் ஒரு கோடும், மேலும் கீழும் எல்லைக் கோடுகளும் போட்டால் கிடைக்கும் படமே கட்டுப்பாட்டுப் படம். யந்திரம் ஒழுங்காக ஓடும்போது ஒரு புள்ளி எல்லையைத் தாண்டுவது ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று தடவைதான் நேரும். தாண்டினால் யந்திரத்தில் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கலாம். எல்லையைத் தாண்டாமலே ஏழெட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தாலும், உளி தேய்ந்து வருகிறதென்று ஊகிக்கலாம். சரக்குக் கெட்டுப்போன பிறகு கழித்துப் போடுவதற்கும், கெடுவதற்கு முன்பே தடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இந்த முறையை 1924-ல் அமெரிக்காவில் வகுத்தவர் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற பேரறிஞர். பாரத தேசம் விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், 1947-48-ல், பேராசிரியர் மஹலநோபிஸ் அழைப்பின் பேரில் அவர் நம் நாட்டுக்கு வந்து, தொழிற்சாலைகளில் இம்முறையைப் பரப்பும் வேலைக்கு வித்திட்டுச் சென்றார். வித்து ஊன்றி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. பெரிய ஆலைகளில் அது பயிராயிற்று. சிறு பட்டறைகளில் அளவுக் காகிதங்கள் கோப்பில் அடுக்கப்படுவதோடு சரி.

பொதுச் சொத்தான கருவி

சிறு பட்டறைக்காரர் பின்தங்குவதற்குச் சொல்லப்படும் காரணம் கருவியின் விலை. புள்ளிவிவரக் கணக்குகளைப் போடும் வியாபார மென்பொருள்களுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் கருவியும் நின்றுவிடும். உள்ளே கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று திறந்து பார்க்கவும் உரிமையில்லை.

ஆனால் வேறொரு வழி பல வருஷங்களாகத் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் 1976-ல் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் 'எஸ்' என்ற கணக்கு மொழியைத் தொடங்கினார்கள். அதைப் பின்பற்றி, நியூஜீலந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலை ஆசிரியர்களான ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர், மாணாக்கர்களுக்குப் பாடம் சொல்வதற்காக 'ஆர்' என்ற மொழியை உண்டாக்கினார்கள். அதை விற்று லாபம் சம்பாதித்திருக்கலாம். மார்ட்டின் மாக்லர் என்னும் ஸ்விட்ஜர்லாந்து அறிஞர் வற்புறுத்தியதன் பேரில், 1995-ல் அதன் மூல எழுத்தைப் பொது உரிம ஏற்பாட்டின்படி உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். யாரும் உபயோகிக்கலாம், யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் அதே உரிமையோடு கொடுக்கலாம்.

இம்மொழியின் பலம் அதனோடு சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்புகளில் இருக்கிறது. 'பாக்கேஜ்' என்று வழங்குவன இவையே. ஆர் மொழி ஒரு பட்டறையென்றால், ஒவ்வொரு தொகுப்பும் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக யாரோ ஒருவர் செய்து, எல்லோரும் எடுத்தாளும்படி மாட்டி வைத்த ஆயுதம். அவற்றைச் சேர்த்து வைக்கும் 'க்ரான்' என்ற பண்டகசாலை 1997-ல் வியன்னா நகரில் ஆரம்பமானபோது அதில் இருந்தவை 12 தொகுப்புகள். இன்று அவை 20,000-க்கு மேல். செய்தவர்களில் மிகப் பலர் ஊதியம் எதிர்பாராத ஆசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களுமே. மேலே சொன்ன கட்டுப்பாட்டுப் படத்தையும் திறன் எண்ணையும் போடுவதற்கென்றே இத்தாலி தேசத்துப் பெருஜியா சர்வகலாசாலையைச் சேர்ந்த லூக்கா ஸ்க்ரூக்கா என்பவர் 'க்யூ.ஸி.ஸி.' என்ற தொகுப்பைச் செய்து, 2004-ல் அதைப்பற்றி விளக்கிக் கட்டுரையும் எழுதினார். காக்களூர்ப் பட்டறைக்காரர் அதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரணக் கணினி போதும்.

காற்றின் கணக்கு

இனி வெளியே வருவோம். கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தர நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் அளவுகளை மத்திய வாரியம் பகிரங்கமாக வெளியிட்டு வருகிறது. ஆனால் வெளியிடுவது வேறு, விளங்குவது வேறு. 2009-ம் வருஷத்துத் தேசிய அளவுகோலின்படி, நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்தூசி ஒரு கன மீட்டர் காற்றில் வருஷச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கும், ஒரு நாள் சராசரியாக 60-க்கும் மேற்படக் கூடாது. நாள் வரம்பை வருஷத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு காலமே, அதாவது சுமார் ஏழு நாட்களே, மீறலாம். அதுவும் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் மீறலாகாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வகுத்த அளவுகளோ மிகக் கடுமையானவை: வருஷத்துக்கு 5, நாளுக்கு 15.

வருஷச் சராசரி 40-க்குள் அடங்கிய ஒரு வருஷத்திலும், சேர்ந்தாற்போல் பத்து நாட்கள் 60-ஐத் தாண்டியிருக்கக் கூடும். சராசரியை மட்டும் சொன்னால் அந்தப் பத்து நாட்களும், அந்நாட்களில் இருமிய குழந்தைகளும் கணக்கில் மறைந்துபோவார்கள். மறைந்ததை வெளியே கொண்டுவருவதற்கும் ஒரு தொகுப்பு உண்டு. 'ஓப்பன்ஏர்' என்று பெயர். டேவிட் கார்ஸ்லா, கார்ல் ராப்கின்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானிகள் செய்து, 2012-ல் விவரித்து எழுதியது. எந்த நாட்கள், எந்த மணி நேரங்கள் கெட்டவை என்று பஞ்சாங்கம் போல் அது எழுதிக் காட்டும். இத்தகைய நிலையங்களில் மாசின் அளவோடு காற்றின் வேகத்தையும் திசையையும் சேர்த்தே பதிவு செய்வது வழக்கமாகையால், எந்தத் திசைக் காற்று எவ்வளவு வேகத்தில் வீசும்போது தூசி மிகுகிறது என்பதையும் ஒரே வட்டப் படத்தில் காட்டிவிடும். ஆடியில் ஒரு திசை, ஐப்பசியில் வேறொரு திசை, பிற்பகலில் கடற்காற்று என்று மாறி மாறிக் காற்று வீசும் கடலோரப் பிரதேசத்துக்கு இதைவிட ஏற்ற கணக்கு வேறு எது?

அந்தப் படம் எந்த ஆலையையும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாது. எந்தத் திசையில் தேட வேண்டும் என்று மட்டும் சுட்டும். அந்தத் திசையில் உலையும் இருக்கலாம், லாரிகள் ஓடும் மண் சாலையும் இருக்கலாம். ஆகவே ஊராருக்கு உதவும் இதே படம், வீண் பழி சுமந்த ஆலைக்காரருக்கும் சாட்சியாக வந்து நிற்கும். கூச்சலுக்கும் மறுப்புக்கும் நடுவே ஆதாரம் என்ற ஒன்று வந்து சேர்வதில் இரு தரப்பாருக்கும் லாபமே.

நமது பங்கு

இந்தக் கலை நமக்கு அந்நியமானதன்று. 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிவர ஸ்தாபனத்தை நிறுவிய மஹலநோபிஸ் 1936-ல் வெளியிட்ட 'தூர' அளவைக் கணக்கிடும் முறை, ஆர் மொழியோடு கூடவே வரும் அடிப்படைத் தொகுப்பில் அவருடைய பெயராலேயே இருக்கிறது. அந்த ஸ்தாபனத்தில் வளர்ந்த ஸி. ஆர். ராவ் 1945-ல் கண்ட உண்மை உலகமெங்கும் பாடமாகிறது. தற்காலத்திலும், புது டில்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவள நிலையத்தின் விஞ்ஞானிகள், விதை சொற்பமாக இருக்கும்போது பல பயிர் ரகங்களைச் சோதிக்கும் கணக்கிற்கென்று ஒரு தொகுப்பைச் செய்து க்ரானில் வைத்திருக்கிறார்கள். எடுப்பதோடு நில்லாமல் கொடுக்கவும் நம்மவர்களுக்குத் தெரியும். குறை என்னவென்றால், இந்த அறிவு ஆராய்ச்சிச் சாலையின் வாசலைத் தாண்டித் தொழிற்பேட்டைக்குள் போதிய அளவு வரவில்லை.

ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. இலவசப் பொருளுக்கு யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆர் மொழியைத் திறந்தவுடனேயே, "எவ்வித உத்தரவாதமும் இல்லை" என்ற அறிவிப்பு வருகிறது. க்ரானில் ஒரு தொகுப்பு பழுதின்றி ஓடுகிறதா என்று சோதிப்பார்கள். அதன் சாஸ்திரம் சரியா என்பதற்கு ஜாமீன் நிற்கமாட்டார்கள். ஆசிரியர் கைவிட்டுப் பழுதுபட்ட தொகுப்புகள் பட்டியலிலிருந்து எடுக்கப்படுவதும் உண்டு. ஆதலால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. தெரிந்த விடையுள்ள கணக்கொன்றைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகே உபயோகிக்க வேண்டும். ஆனால் சோதித்துப் பார்க்க இடங்கொடுப்பது எது? உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் கருவியா, பூட்டி வைத்த கருவியா? இரண்டாவது ஆட்சேபம் மொழியைப் பற்றியது. கட்டளைகளும் விளக்கங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பது வாஸ்தவம். அது தமிழில் விளக்க நூல் எழுதுவதற்குக் காரணமாக வேண்டுமேயன்றி, கற்காமல் இருப்பதற்குக் காரணமாகலாகாது.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. கும்மிடிப்பூண்டியிலும் காக்களூரிலும் உள்ள தொழிலதிபர்கள் ஒன்றுகூடி, கணக்கு தெரிந்த ஓர் ஆசிரியரைப் பொதுவில் நியமிக்கலாம். தனித்தனியே கட்டும் லைசென்ஸ் பணம் ஒரு மனிதருக்குச் சம்பளமாகி இங்கேயே தங்கும். ஜில்லாவிலுள்ள பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் கட்டுப்பாட்டுப் படத்தைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்விப்பதை விட்டு, பக்கத்துப் பட்டறையின் உண்மையான அளவுகளைக் கொண்டு மாணாக்கரைப் போடச் செய்யலாம். மும்பை ஐ.ஐ.டி.யில் மத்திய சர்க்காரின் உதவியோடு நடந்துவரும் 'ஃபாஸ்ஸீ' திட்டம் இத்தகைய பொது மென்பொருள்களைக் கல்விச் சாலைகளில் பரப்பி வருகிறது. அதன் துணையை நாடலாம். கலாசாலை மாணவர் நாலு பேர் சேர்ந்து கும்மிடிப்பூண்டிக் காற்றின் ஒரு வருஷக் கணக்கைத் தமிழில் ஒரே தாளில் எழுதட்டும். அதைச் சுற்றுக் கிராமங்களில் அக்டோபர் 2-ந் தேதி கூடும் கிராம சபைகளில் வாசிக்கட்டும். காந்தி ஜயந்தியன்று செய்யத்தக்க சுதேசி காரியம் அதைவிட வேறு வேண்டுமா?

ராட்டினத்தை அண்ணல் கையில் எடுத்தபோது, அது ஏழையும் வைத்துக்கொள்ளக் கூடிய கருவி என்பதே அதன் பெருமையாக இருந்தது. இன்று நாம் சொல்லும் கருவியும் அத்தகையதே. அதை எவரும் நமக்கு மறுக்கவில்லை; அதற்கு எவரும் வரி விதிக்கவில்லை. கற்றுக்கொள்ளும் உழைப்பு ஒன்றையே அது கேட்கிறது. அந்த உழைப்பைக் கொடுத்துவிட்டால், நம் பட்டறையின் தரத்தை நாமே சொல்லலாம். நம் ஊர்க் காற்றின் நிலையை நாமே கேட்டு அறியலாம். திருவள்ளூர் ஜில்லாவின் இளைஞர்கள் இதில் முந்திக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.