கால் கட்டைப் பிழை

பழகிய செவியை மதியாமல் இயந்திரத்தை நம்பியவன் நான். அதன் விலையை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஐயாவின் ஆர்மோனியமும், நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நெடுந்தட்டுகளுக்கான பழைய இசைத்தட்டுப் பெட்டியும் இருந்தன. தட்டைச் சுழலவிட்டு, பாடகரின் சுருதிக்கு ஐயா கட்டை தேடுவார். ஒரு கட்டையை அழுத்தினால் பாட்டு உயர்ந்து நிற்கும். அடுத்ததை அழுத்தினால் தாழ்ந்து நிற்கும்.

“தம்பி, தட்டு சோம்பிச் சுற்றுகிறது” என்பார்.

“இல்லை ஐயா, உங்கள் ஆர்மோனியத்துக்கு வயது போய்விட்டது” என்று நான் நகைப்பேன். அவர் மறுமொழி கூறாது துருத்தியை மூடிவிடுவார்.

அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து ஒருநாள், பெட்டியைத் தூசி தட்டியபோது அந்தச் சொல் நினைவில் எழுந்தது. சோதித்துப் பார்த்தேன். சோதனை மிக எளிது. 33⅓ சுற்றுத் தட்டு சரியாக 3 நிமிடத்தில் 100 முறை சுற்றவேண்டும். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, ஊசியை வைத்துப் பாடவிட்டே எண்ணவேண்டும். ஊசியின் இழுவையும் வேகத்தைக் குறைக்குமன்றோ? நான் எண்ணிய 100 சுற்றுக்கு 3 நிமிடம் 5 விநாடி சென்றது!

ஐயம் தீர, கோடிட்ட வட்டத்தாள் ஒன்றையும் பயன்படுத்தினேன். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 அலைவு கொண்டது. அதனால் இழை மின்குமிழ் விநாடிக்கு 100 முறை, நிமிடத்துக்கு 6,000 முறை ஒளி கூடிக் குறைகிறது. அதை 33⅓ ஆல் வகுத்தால் 180. அத்தனை கோடுகள் கொண்ட தாளைத் தட்டின்மேல் இட்டு அவ்வொளியில் நோக்கினால், வேகம் சரியாயின் கோடுகள் அசையாது நிற்கும். நூற்றுக்கு ஒன்று பிழையாயின் விநாடிக்கு ஒரு கோடு நகரும். இக்காலத்து எல்.ஈ.டி. குமிழ்கள் பலவற்றில் இந்தத் துடிப்பு இராது; பழைய குமிழே வேண்டும். என் கண்முன் கோடுகள் சுழற்சிக்கு எதிராகப் பின்வாங்கின. தட்டு மெதுவாக ஓடியது உறுதியாயிற்று.

பிழை நூற்றுக்கு மூன்றுக்குச் சற்றே குறைவு. ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அதை அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு. ஆகவே பாட்டுக் கால் கட்டை தாழ்ந்து, இரண்டுக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. ஐயா தேடிய கட்டை அந்தப் பெட்டியில் இருக்கவேயில்லை.

மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்கு ஊட்டும் இறப்பர்ச் சில்லு வழுவழுத்து வழுக்கியதே காரணம். அதைத் துடைத்து, உறைந்த எண்ணெயை நீக்கிப் புது எண்ணெய் இட்டேன். மறுபடி எண்ணினேன், 100 சுற்று, 3 நிமிடம். கோடுகளும் நின்றன.

பின்னர் ஆர்மோனியத்தைத் திறந்து கட்டையை அழுத்தினேன். பாட்டு அதனோடு இழைந்தது.

மூன்றே நிமிட வேலை. ஐயா இருந்த காலத்தில் அந்த மூன்று நிமிடத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை.