ஓவியத்துக்கும் ஒரு திணை, துறை

நேயர்களே, இலக்கிய நிகழ்ச்சியில் ஓவியத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். புதுக்கவிதையை வரிக்கு வரி விவாதிக்கும் நம்மவர் பலர், நவீன ஓவியமொன்றின் முன் போய் நின்றதும் "இது நமக்கு விளங்காது சேர்" என்று ஒதுங்கி விடுகின்றனர். கல்முனைப் பக்கத்தில் இதை நான் அடிக்கடி கேட்கிறேன். எதை எதனோடு சேர்த்துப் பார்ப்பது என்று சொல்லித்தர ஆளில்லாமையே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம்.

சங்கப் பாடல்களைத் தொகுத்தோர் இந்த இடர்ப்பாட்டை நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றுப் பாட்டின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்ற குறிப்புகள் நிற்கும். அகநானூற்றிலோ எண்ணே திணையைச் சொல்லிவிடும். ஒற்றைப்படை எண்கள் யாவும் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 10, 20 என வருவன நெய்தல். 'தோழி கூற்று' என்ற சிறு குறிப்பை மறைத்துவிட்டு ஒரு பாட்டை உயர்தர வகுப்பில் வாசித்துப் பாருங்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் மாணவர் திகைப்பர். குறிப்பைக் காட்டியதும் முகம் மலர்ந்துவிடும்.

நம் ஓவியர்களுக்கு இத்தகைய குறிப்பு வாய்த்ததா? கொழும்பில் 1943 இல் தோன்றிய '43 குழு' என்பதே இலங்கையில் நன்கறியப்பட்ட வகைப்பெயர். ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தெரணியகல, ஹரி பீரிஸ், ஐவன் பீரிஸ் முதலானோர் அதில் இருந்தனர். முன்னின்ற லயனல் வென்ற் புகைப்படக் கலைஞர். விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிபண்ணிய மஞ்சுசிறியும் அதில்தான். பழைய பாணிக் கலைச் சங்கத்தை எதிர்த்தார்கள் என்பதைவிட இவர்களிடையே பொதுவாக அதிகம் இல்லை. பெயர் நிலைத்தது, ஆனால் ஓர் ஓவியத்தின் முன் நிற்பவருக்கு அது கைகொடுப்பதில்லை. ஜகத் வீரசிங்க பின்னர் முன்வைத்த 'தொண்ணூறுகளின் போக்கு' என்பதும் காலத்தைச் சொல்லும் பெயரே.

தமிழ் ஓவியர்களுக்கு நாம் வழங்கும் பெயர்கள் இன்னும் மோசம். மாற்கு (1933–2000) 'யாழ்ப்பாண ஓவியர்'. மட்டக்களப்பின் வாசுகியும் நிர்மலவாசனும் 'போர்க்கால ஓவியர்'. இப்படிச் சொன்னதும் பார்ப்பவர் படத்தை விட்டுவிட்டுச் செய்தியைத் தேடத் தொடங்கிவிடுவார்.

2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த காட்சிக்கு 'அகம் புறம்' என்று பெயரிட்டார்கள். 1981 இல் எரிந்த அதே நூலகம். தமிழ் படித்த எவருக்கும் அந்தப் பெயரே வாசல். அதில் பங்குகொண்ட தா. சனாதனன், 2011 இல் 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் செய்தார். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாம் விட்டுவந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறிக்கொடுக்க, அவை கட்டடக்கலை வரைபடமாகவும் ஓவியரின் சித்திரமாகவும் மாறிய நூல் அது. இதை 'யாழ்ப்பாண ஓவியம்' என்றால் நம்மூரார் புரட்டமாட்டார்கள். 'இழந்த வீட்டை நினைவால் வரைதல்' என்று துறை வகுத்தால், 2004 டிசம்பர் 26 இல் மருதமுனையிலும் காரைதீவிலும் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவர் அதைக் கையிலெடுப்பார். குசினி எந்தப் பக்கம் இருந்தது, கிணறு எங்கே என்று அவருக்கும் ஒரு படம் மனதில் கிடக்கிறது.

இன்னொரு விடயம். இப்பகுதி முஸ்லிம் பிள்ளைகளிற் சிலர், அரபு எழுத்தணி மட்டுமே தமக்குரியது, நவீன ஓவியம் வேறு யாருக்கோ உரியது என்று எண்ணிச் சித்திரப் பாடத்தை விட்டுவிடுகின்றனர். கைவளம் உள்ள பிள்ளைகள்! 'முஸ்லிம் கலை' என்ற வகுப்பு செய்த வேலை இது. சூடானின் இப்ராஹிம் எல்-ஸலாஹி அரபு எழுத்தின் வளைவுகளிலிருந்தே நவீன ஓவியத்தைக் கட்டியெழுப்பியவர். 2013 இல் லண்டன் ரேற் மொடர்ன் அவருக்கெனத் தனிக்காட்சி வைத்தது. சென்னைக்கருகே 1966 இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் வாசிக்க இயலாத எழுத்துகளால் திரையை நிரப்பினார். 'எழுத்தை உருவாக்குதல்' என்று ஒரு துறை வகுத்தால் சூடானியரும் பணிக்கரும் நம் பள்ளிப் பிள்ளையும் ஒரே சுவரில் நிற்கலாம். மதம் கேட்க அங்கே இடமில்லை.

பாடசாலைக் கண்காட்சிகளில் படத்தின் கீழ் பெயர், வகுப்பு, பெற்ற பரிசு என்று எழுதுகிறோம். அதோடு ஒரு வரி துறைக் குறிப்பையும் சேர்க்கலாம். அதை வரைந்த பிள்ளையே எழுதட்டும். மருதமுனைக் கைத்தறிச் சாரமொன்றையும் பக்கத்தில் தொங்கவிட்டு, அதற்கு என்ன துறை என்று நெய்தவரிடமே கேட்க வேண்டும்.